விலாவென்புகளுக்குப் பின்னால்: குவித்த கழியொலியும் ஈரற் கட்டியும்

ஹந்தானைத் தோட்டத்தில் நெடுங்காலம் வேலைசெய்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு வினாவைக் கேட்டார். ஈரலில் கட்டியொன்று இருப்பதாக அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதனைக் கண்டுபிடித்தது கழியொலிப் படம். அவருடைய சொல்லில் ‘ஸ்கேன்’. “சேர், அந்த ஸ்கேன் சத்தத்தாலயே கட்டிய சுட்டு அழிச்சிறலாம்னு பேப்பர்ல போட்டிருக்காமே, மகன் வாசிச்சுச் சொன்னான். நெஞ்செலும்பு மறிக்காதா?” என்றார்.

இலக்கியம் கற்பிக்கும் ஒருவனிடம் கேட்கத்தக்க வினாவன்று இது. ஆயினும், எழுத்தறிவு குறைந்த அம்மனிதரின் ஐயம், இத்துறை ஆய்வாளரைப் பல ஆண்டுகளாக அலைக்கழித்த சிக்கலின் மையத்தையே தொட்டுநின்றது என்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டியபோதும், மருத்துவபீட நண்பர்களோடு உரையாடியபோதும் உணர்ந்தேன். என்பு மறிக்கத்தான் செய்கிறது. அம்மறிப்பு எவ்வாறு கடக்கப்பட்டது என்பதையும், அவ்வறிவு ஹந்தானை மலையடிவாரத்தை வந்தடையும் வழியில் நிற்கும் வேறு மறிப்புகள் யாவை என்பதையும் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும். அதற்கு மேற்பட்ட மீடிறனுடைய ஒலியையே நமது பாடநூல்கள் கழியொலி என்கின்றன. தமிழகத்தார் மீயொலி என்பர். மருத்துவத்திற் பயன்படுவது பெரும்பாலும் செக்கனுக்குப் பத்து இலட்சம் அதிர்வுகளும் அதற்கு மேற்பட்டனவுமாகும். உடலின் மென்மையான இழையங்களில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,540 மீற்றர் வேகத்திற் செல்கிறது. ஆகவே பத்து இலட்சம் அதிர்வுடைய அலையின் நீளம் ஒன்றரை மில்லிமீற்றர் அளவினதாகும். அலைநீளம் இவ்வாறு சிறுத்திருப்பதனாலேயே அதனை ஒரு சிறு புள்ளியிற் குவித்தல் சாத்தியமாகிறது. சிறுவயதில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெயிலைக் குவித்து காய்ந்த சருகைப் புகையவைத்த அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. அதே செயலை ஒலியால், உடலுக்குள்ளே செய்வதே குவித்த கழியொலிச் சிகிச்சை. கிண்ணம்போற் குழிந்த கருவியிலிருந்து புறப்படும் அலை பரந்த தோற்பரப்பினூடாகச் செல்வதால் தோல் சூடேறுவதில்லை. பல சதமமீற்றர் ஆழத்தில் அது ஒன்றுசேரும் இடத்தில், ஏறத்தாழ ஒரு நெல்மணி அளவான பகுதியில், வெப்பநிலை 56 பாகை செல்சியசுக்கு மேலே எழுகிறது. அந்நிலை ஒரு செக்கன் நீடித்தாலே போதும். அவித்த முட்டையின் வெண்கரு இறுகுவதுபோலப் புரதம் இறுகி அங்குள்ள கலங்கள் மடிகின்றன. அருகே சில மில்லிமீற்றர் தள்ளியுள்ள கலங்கள் உயிரோடிருக்கும். நெல்மணியை நெல்மணியாக அடுக்கிச் செல்வதுபோல அப்புள்ளியை நகர்த்தி நகர்த்திக் கட்டி முழுவதையும் நிரப்ப வேண்டும். இதனாலேயே சிகிச்சை மணிக்கணக்கில் நீள்வதுண்டு.

படமெடுக்கும் ஒலியும் சுடும் ஒலியும் இயல்பில் ஒன்றே. வேறுபாடு செறிவில் உள்ளது. குவியத்திற் செலுத்தப்படும் செறிவு படமெடுக்கும் செறிவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலானது. அளவு மாற்றம் ஒரு கட்டத்திற் பண்பு மாற்றமாகப் பாய்கிறது என்ற ஏங்கல்சின் கூற்றுக்கு, நீர் கொதிப்பதைவிட இஃது இன்னும் நல்ல எடுத்துக்காட்டு என்று எனக்குத் தோன்றியதுண்டு. ஆயின் எடுத்துக்காட்டு விளக்கமாகிவிடாது. இயங்கியலின் விதியைச் சொல்லிவிட்டால் என்பு வழிவிட்டுவிடுமா என்ன?

இவ்வறிவின் வரலாறு நோக்கத்தக்கது. அமுக்கினால் மின்னேற்றம் காட்டும் பளிங்குகளின் இயல்பை 1880இல் பியர் கியூரியும் அவருடைய தமையன் ஜாக் கியூரியும் கண்டறிந்தனர். முதலாம் உலகப் போரின்போது நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய இவ்வியல்பைப் பயன்படுத்தியவர் பியர் கியூரியின் மாணவரான போல் லாஞ்சவின். தூலோன் துறைமுகத்தில் அவர் செய்த பரிசோதனைகளில் ஒலிக்கற்றையிற் சிக்கிய மீன்கள் இறந்தன. அந்நீரிற் கையை நுழைத்தவர்கள் வலியை உணர்ந்தனர். கேளா ஒலி உயிரிழையத்தைத் தாக்கவல்லது என்ற செய்தி இவ்வாறு போர்க்கருவியொன்றின் பக்கவிளைவாகவே முதலில் வெளிப்பட்டது. லாஞ்சவின் பாசிச எதிர்ப்பாளர். 1940இல் நாசிகளாற் கைதுசெய்யப்பட்டார். அவருடைய மருமகன் ஜாக் சொலமன் 1942இற் கொல்லப்பட்டார். மகள் அவுஷ்விற்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர்தப்பினார். 1944இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்த அவருடைய உடல், இறந்து ஈராண்டுகளின் பின் 1948இல், பாரிசின் பந்தியன் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது. இவரிடம் நாம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

1928இல் சோவியத் அறிஞர் சொக்கொலோவ் உலோகத்தினுள்ளே வெடிப்புகளைத் தேடக் கழியொலியைப் பயன்படுத்தும் வழியை முன்வைத்தார். கொதிகலன்களையும் உலோக வார்ப்புகளையும் சோதிக்கும் இத்தொழிற்சாலைக் கருவியின் வழிவந்ததைக் கொண்டே கிளாஸ்கோ நகர வைத்தியர் இயன் டொனால்ட் வயிற்றினுள்ளே பார்க்கத் தொடங்கினார். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1958இல் வெளிவந்தது. சுடும் முயற்சி இதற்கும் முந்தியது. நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் லின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1942இலேயே குவித்த ஒலியால், மேற்பரப்பைக் குலைக்காமல், விலங்கு ஈரலின் உட்பகுதியைச் சுட்டுக் காட்டினர். 1950களில் இலினோய் பல்கலைக்கழகத்தில் பிரை சகோதரர் மூளையின் ஆழத்திற் குறித்த இடங்களை இம்முறையால் அழித்தனர். ஆனால் அதற்கு மண்டையோட்டின் ஒரு பகுதியை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. கத்தியின்றிச் செய்யும் சிகிச்சைக்குக் கத்தியே முன்னே சென்று வழிதிறக்க நேர்ந்த இம்முரண்பாடு ஈரலிலும் திரும்பவும் தோன்றியது.

ஈரலின் பெரும்பகுதி வலப்புற விலாவென்புகளின் கூட்டுக்குள் ஒதுங்கியிருக்கிறது. என்பு ஒலிக்கு மூவகையில் இடையூறாகிறது. முதலாவது, மென்னிழையத்துக்கும் என்புக்கும் அடர்த்தியிலும் ஒலிவேகத்திலும் பெரும் வேறுபாடு இருப்பதனால் அலையின் ஒரு பகுதி எல்லையிலேயே தெறித்துத் திரும்புகிறது. இரண்டாவது, உள்ளே புகுந்த அலையை மென்னிழையத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக என்பு உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய ஒலி வெப்பமாகிறது. கட்டியைச் சுட எடுத்த முயற்சி விலாவையும் அதன்மீதுள்ள தோலையும் சுட்டுவிடும். தோற்புண்ணும் தாங்கொணா வலியும் இச்சிகிச்சையின் அறியப்பட்ட தீங்குகள். மூன்றாவது சற்று நுட்பமானது. என்பும் இடைவெளியும் மாறிமாறி ஒழுங்காக நிற்கும் விலாக்கூடு சாளரக் கம்பி வரிசையை ஒத்தது. அலைகள் அத்தகைய வரிசையினூடே புகும்போது வளைந்து ஒன்றோடொன்று கலந்து, ஒரு குவியத்துக்குப் பதிலாக அதன் இருபுறத்தும் துணைக் குவியங்களை உண்டாக்குகின்றன. சுடவேண்டிய இடத்திற் சூடு குறைகிறது. சுடக்கூடாத இடத்திற் சூடு தோன்றுகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக ஈரல் அசையாதிருப்பதில்லை. பிரிமென்றகட்டின் கீழே தொங்கும் அது, அமைதியான மூச்சிலேயே ஒன்றிரண்டு சதமமீற்றர் ஏறியிறங்குகிறது. அசையும் நெல்மணியை அசையும் கம்பிகளுக்கு ஊடாகக் குறிபார்ப்பது போன்றது இவ்வேலை.

இச்சிகிச்சையை ஈரலுக்குப் பெருமளவிற் கொண்டுசென்றவர்கள் சீன வைத்தியர்கள். சொங்சிங் மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங் சிபியாவோவின் குழுவினர் 1997 முதல் தம் கருவியை நோயாளரிடத்துப் பயன்படுத்தலாயினர். இது தற்செயலன்று. உலகின் ஈரற் புற்றுநோயாளரில் ஏறக்குறையப் பாதிப்பேர் சீனாவினர். அதற்கு ஈரலழற்சி ‘பி’ வைரசின் பரவல் முக்கிய காரணம். நமது தீவில் அவ்வைரசு மிகக் குறைவு. இங்கு மதுவும், நீரிழிவோடு சேர்ந்துவரும் கொழுப்பீரலும் முன்னிற்கின்றன. மலையகத்தில் மதுவின் வரலாறு தோட்டப் பொருளாதாரத்தின் வரலாற்றோடு பிணைந்தது; அது தனியே எழுதத்தக்கது. தேவை எங்கே திரண்டு நின்றதோ அங்கே கருவி பிறந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. தொடக்ககாலத்தில் சீன வைத்தியர் சில நோயாளருக்கு விலாவென்பின் துண்டுகளை வெட்டியெடுத்து, ஒலி செல்ல வழி அமைத்தனர். பொது மயக்கமருந்து கொடுத்து, மூச்சைச் சிறிதுநேரம் நிறுத்திவைத்துச் சுடுவதும் வழக்கமாயிற்று. ஒக்ஸ்போர்ட்டின் சேர்ச்சில் வைத்தியசாலையிலும் இதே சீனக் கருவி இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரிசோதிக்கப்பட்டது.

என்பை வெட்டாமலே கடப்பது எவ்வாறு? எளிய விடை: ஒரு பெருங்கிண்ணத்துக்குப் பதிலாகத் தனித்தனியே இயக்கத்தக்க நூற்றுக்கணக்கான சிறு ஒலிமூலங்களை அடுக்கி, விலாவுக்கு நேரெதிரே உள்ளவற்றை அணைத்துவிடலாம். ஆனால் எவை நேரெதிரே உள்ளன என்பதை அறிவது எப்படி? இங்கேதான் பாரிசில் மத்தியாஸ் பிங் என்பவரின் ஆய்வுகூடம் 1990களில் வளர்த்த ‘காலத் திருப்பம்’ என்னும் கருத்து துணைக்கு வந்தது. ஈரலினுள்ளே கட்டி இருக்குமிடத்திலிருந்து ஒரு சிறு ஒலி எழுந்ததாகக் கொள்வோம். அது விலாக்களின் இடைவெளிகளினூடே வளைந்தும் நலிந்தும் வெளியேறி, உடலுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு சிறு கருவியையும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு வலிமையோடு வந்தடையும். என்புக்கு எதிரே உள்ளவற்றுக்கு ஏதும் எட்டுவதில்லை எனலாம். இப்பதிவை அப்படியே தலைகீழாக்கி, கடைசியில் வந்ததை முதலில் அனுப்பினால், அலை தான் வந்த பாதையிலேயே பின்னோக்கி நடந்து புறப்பட்ட புள்ளியிற் போய்ச் சேர்கிறது. அலையின் இயக்கவிதி முன்னோக்கிய காலத்துக்கும் பின்னோக்கிய காலத்துக்கும் ஒன்றாகவே பொருந்துவதனாலேயே இது கைகூடுகிறது. விலாவினூடே இவ்வாறு குவிப்பது கூடும் என்பதை இக்குழுவினர் 2008இல், உயிருடலிலன்றிப் பிரித்தெடுத்த விலாக்களைக் கொண்டு, காட்டினர்.

ஆயினும் நோயாளியின் ஈரலுக்குள்ளே ஒலியெழுப்ப ஓர் ஊசியையேனும் செலுத்த வேண்டும். கத்தியை விலக்கிய இடத்தில் ஊசி. அடுத்த ஆண்டு அதே குழுவினரிடமிருந்து இதனிலும் அழகான ஒரு தீர்வு வந்தது. முதலில் மெல்லிய ஒலியை அனுப்பி, விலாக்கள் தரும் எதிரொலியைக் கேட்பது. பின்னர், அவ்வெதிரொலியே எழாதவாறு அமைந்த அலையைக் கணித்து, அதனையே வலுவாக அனுப்புவது. என்பிலிருந்து எதிரொலி வரவில்லையெனில் அலை என்பைத் தொடவில்லை என்பதே பொருள். தடையைத் தாக்காமல், தடை சொல்வதைக் கேட்டு, அது சொல்லும் வழியே செல்வதாகிறது இது. பிங்கின் ஆய்வுகூடத்திலிருந்து வளர்ந்து, 2009 முதல் ஓர் ஆய்வு நிறுவனமாக இயங்குவதன் பெயர் லாஞ்சவின் நிறுவனம். லாஞ்சவின் இயக்குநராக இருந்த அதே கல்லூரியில் அது அமைந்திருக்கிறது. மீன்களைக் கொன்ற ஒலி, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், விலாவைத் தொடாமல் ஈரலை அடையும் வழியை அவருடைய பெயர் தாங்கிய கூரையின் கீழே கற்றுக்கொண்டது.

மற்றொரு பாதை மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பிறந்தது. அவர்கள் சுடுவதையே கைவிட்டனர். செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு சில பங்கே நீடிக்கும் மிகவலிய துடிப்புகளை நீண்ட இடைவெளிகளோடு அனுப்பினால், குவியத்தில் நுண்ணிய குமிழிகளின் கூட்டமொன்று தோன்றி வெடித்து, இழையத்தைக் கூழாக நொறுக்கிவிடுகிறது. இடைவெளி நீண்டதாகையால் என்பு சூடேற நேரமில்லை. அமுக்கம் ஓர் எல்லையைத் தாண்டும் இடத்தில் மட்டுமே குமிழி தோன்றும் என்பது இங்கே முதன்மையானது. விலாக்கள் உண்டாக்கும் துணைக் குவியங்கள் அவ்வெல்லைக்குக் கீழேயே இருப்பதால் அவை தீங்கற்றுப் போகின்றன. காலத் திருப்பம் நுட்பமாகத் தீர்த்த சிக்கலை இம்முறை ஒருவகையிற் புறக்கணித்தே கடந்துவிடுகிறது. 2023 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் ஈரற் கட்டிகளை அழிக்க இக்கருவிக்கு அனுமதி வழங்கியது. அவ்வனுமதி கட்டியை அழிக்கும் என்பதற்கே. நோயாளியின் ஆயுளை நீட்டும் என்பதற்கன்று. பத்திரிகைச் செய்திகள் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை விழுங்கிவிடுகின்றன.

இனி ஹந்தானைக்கு வருவோம். 2022 மார்ச் மாத இறுதியில், நமது பல்கலைக்கழக வளாகத்துக்கு அணித்தேயுள்ள பேராதனைப் போதனா வைத்தியசாலை, மருந்துத் தட்டுப்பாட்டினால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. இந்தியாவின் வெளிவிவகார அமைச்சரே அச்செய்தி கண்டு கலக்கம் தெரிவித்து, இந்தியா எவ்வாறு உதவலாம் எனக் கலந்துபேசுமாறு தம் நாட்டுத் தூதரைக் கேட்பதாக எழுதினார். கத்தியில்லாச் சிகிச்சை அமெரிக்காவில் அனுமதியை நோக்கி நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், கத்தி இருந்தும் மயக்கமருந்து இல்லாத நிலை நமக்கு வாய்த்தது. மிச்சிகன் ஆய்வுகளில் அமெரிக்கப் பொதுப்பணமும் செலவானது. அவற்றிலிருந்து முளைத்த நிறுவனத்தை 2025 ஓகஸ்டில், அமேசன் நிறுவனர் பெசோசின் முதலீட்டு அமைப்பும் உட்பட்ட கூட்டொன்று ஏறத்தாழ 225 கோடி டொலர் மதிப்பில் வாங்கிக்கொண்டது. கியூரி சகோதரர், லாஞ்சவின், சொக்கொலோவ், சொங்சிங் வைத்தியர் என நூற்றுநாற்பது ஆண்டுகளாகப் பல நாட்டாரும் சேர்ந்து தேடிய அறிவு, விற்பனைப் பத்திரமொன்றில் ஒருசிலர் பெயரில் முடிவதைக் காண்கிறோம். இதனைச் சொல்வது அக்கருவியைப் பழிப்பதற்கன்று. பர்னால் போன்றோர் வற்புறுத்தியதுபோல, அறிவியலின் உற்பத்தி சமூகமயமாகிவிட்டது. அதன் உடைமை இன்னும் ஆகவில்லை.

மொழியும் ஒரு மறிப்பே. அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடலமைப்பு, சத்திரசிகிச்சை, மகப்பேறு முதலிய நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் ‘கெமிஸ்தம்’ வெளிவந்தது. அவருடைய நோக்கம் சமயம் சார்ந்தது என்பதும், நடை கரடுமுரடானது என்பதும் உண்மை. ஆயினும் தமிழில் ஈரலைப் பற்றிப் பேசும் ஒரு வைத்தியரை அவர் உருவாக்கினார். இன்று நமது மாணவர் உயர்தரம் வரை பௌதிகத்தையும் உயிரியலையும் தமிழிற் கற்று, 1962 முதல் பேராதனையில் இயங்கும் மருத்துவபீடத்தில் நுழைந்த மறுநாளே அச்சொற்களைக் களைந்துவிடுகின்றனர். கழியொலி, இழையம், பிரிமென்றகடு ஆகிய சொற்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிடுகின்றன. நோயாளிக்கோ அவை ஒருபோதும் வந்து சேர்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் உறவினர் ஒருவரோடு வைத்தியசாலையொன்றின் நோயாளர் விடுதியில் இருந்தபோது, தமக்கு வெட்டப்போவது எது என்பதையே அறியாமல் கையொப்பமிட்ட ஒரு தாயைக் கண்டேன். மொழிபெயர்த்தவர் பக்கத்துக் கட்டில் நோயாளி.

அம்முதியவருக்கு நான் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். என்பு மறிக்கும், அதைச் சுற்றிப் போக வழி கண்டிருக்கிறார்கள், அந்த இயந்திரத்தை எதிர்பார்த்துக் கையிலுள்ள சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். விலாக்களின் இடையே ஊசியைச் செலுத்திக் கட்டியைச் சுடும் முறையும், கட்டிக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியை அடைக்கும் முறையும் உலகெங்கும் நெடுநாட் பழக்கத்தில் உள்ளன. கட்டி எத்தனை, எவ்வளவு பெரியது, குருதிக் குழாய்களுக்கு எவ்வளவு அருகில் உள்ளது, கட்டி நீங்கலான மற்றைய ஈரல் எந்நிலையில் இருக்கிறது என்ற நான்கையும் வைத்தியரிடம் கேட்கும்படி ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். நான்காவதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது. சுருங்கி இறுகிப்போன ஈரலில் ஒரு கட்டியை எவ்வளவு நுட்பமாக அழித்தாலும், அவ்வீரல் நோயுற்ற ஈரலாகவே எஞ்சும். ஒலி அதனைப் புதுப்பிக்காது.

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கண்டித் தேசிய வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கு அடுத்த கிழமை போகவேண்டும் என்றார். எழும்பும்போது, “மூச்ச நிறுத்தி வைப்பாங்கன்னீங்களே சேர், எவ்வளவு நேரம்?” என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் சிறிதுநேரந்தான், மயக்கத்தில் இருப்பதால் தெரியாது, இயந்திரமே மூச்சுவிட்டுக் கொடுக்கும் என்றேன். கொழுந்துக் கூடையோடு செங்குத்தான மலை ஏறும்போது தம் மனைவி அதைவிட நீண்டநேரம் மூச்சடக்கியதுண்டு என்று சொல்லிவிட்டு, கலகா வீதியில் வந்துநின்ற பஸ்ஸை நோக்கி நடந்தார்.